வீட்டுப் படமும் வீட்டில் வாழ்வோரும்



சில மாதங்களுக்கு முன்னர் என் நண்பர் ஒருவர் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக் கையிலே பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வலிகாமத்திலே தம் பழைய வளவில் புது வீடு கட்டப்போவதாகவும், அதன் வரைபடத்தை நான் ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நான் நெடுங்காலம் கட்டடப் படம் வரையும் தொழிலில் இருந்து இளைப்பாறியவன். ஆகையால் இவ்வாறான தாள்கள் என்னைத் தேடி வருவதுண்டு. தாளை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு புத்தகங்களைப் பாரமாக வைத்துப் பார்த்தோம்.

அழகான படந்தான். முகப்பிலே மோட்டார் வண்டி நிற்பதற்கு ஒரு கொட்டகை. அதனைக் கடந்ததும் பதினாறடிக்கு இருபதடியாக ஒரு மண்டபம். கீழே படுக்கையறை இரண்டு, மேலே மூன்று. மேல்மாடியிலே இரண்டு குளியலறை. கீழே மாடிப்படியின் அடியிலே ஒன்று. பின்புறத்தில், தென்மேற்கு மூலையிலே, எட்டடிச் சதுரமான ஓர் அடுக்களை. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்கள் அம்மா எங்கே படுப்பார்?"

நண்பருடைய தாயாருக்கு எண்பத்து மூன்று வயது. நண்பர் விரலைப் படத்தின்மேல் வைத்துத் தேடினார். கீழே உள்ள அறைகளுள் ஒன்று அவருக்கும் மனைவிக்கும். மற்றது, கைக்குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து வரும் மகளுக்கு. விரல் மண்டபத்தைச் சுற்றியது, மாடிப்படியில் ஏறியது, மீண்டும் இறங்கியது. ஈற்றிலே 'சாமான் அறை' என்று எழுதப்பட்டிருந்த, ஏழடிக்கு எட்டடி இடத்தில் வந்து நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இதிலே நண்பரைக் குறை சொல்வதற்கு இடமில்லை. தாயாரை உள்ளங்கையிலே வைத்துத் தாங்குபவர் அவர். பிழை நிகழ்ந்த இடம் வேறு. வீடு கட்டத் தொடங்கும்போது நம்மவர் முதலிற் கேட்பது, "எத்தனை அறை?" என்பது. அடுத்துக் கேட்பது, "மேல்வீடு உண்டோ?" என்பது. அறைகளின் தொகை முடிவான பின்னர், ஒவ்வோர் அறைக்கும் பத்துக்குப் பத்து என்று ஓர் அளவு கொடுக்கப்படும். அவ்வறையிலே யார் இருப்பார், எதைச் செய்வார், கட்டில் எப்பக்கம் கிடக்கும், கதவு எப்பக்கம் திறக்கும் என்னும் கேள்விகள் சுவர் எழும்பிய பின்னரே பிறக்கின்றன. வாழ்வோரை முதலில் எண்ணி அறையைப் பின்னர் எண்ணல் வேண்டும்; நாமோ அதனைத் தலைகீழாகச் செய்கின்றோம்.

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிலே எழுந்த வீடுகள் பலவற்றை நான் பார்த்திருக்கின்றேன். இடிந்த சுவருக்குப் பதிலாக ஒரு சுவர் எழுப்பவே அல்லற்பட்டவர்களின் கதை வேறு. அவர்களுக்கு அறையின் அளவைப் பற்றி ஆராயும் வாய்ப்பு இருக்கவில்லை. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்திலே எழுந்த பெரிய வீடுகளையே இங்கு கருதுகின்றேன். மேலே மூன்று அறைகள் பூட்டியிருக்கும். கீழே முதியவர் இருவர் மண்டபத்தின் ஓரத்திலே கட்டில் போட்டுப் படுத்திருப்பர். அவர்களுக்கென்று வகுத்த நல்ல அறை மேல்மாடியில் இருக்கின்றது. முழங்கால்தான் அதற்கு இசைவதில்லை. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படியே எம் நாட்டில் ஏறத்தாழ எட்டுப்பேருக்கு ஒருவர் அறுபது வயதை அடைந்தவராய் இருந்தார். இன்று நாற்பது வயதில் வீடு கட்டுபவரும் அவ்வீட்டிலேயே அறுபதைக் காணப்போகின்றவர் என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விடத்திலே ஒரு பெருமாட்டியைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். மினெட் டி சில்வா என்பவர் எம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களுள் முன்னோடியானவர். 1948ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்திலே துணை உறுப்பினராகத் தெரிவானவர். 1950களின் பிற்பகுதியில் கண்டிக்கு அண்மையிலே, வட்டபுளுவ என்னும் இடத்தில், அரசாங்க ஊழியர்களுக்காக இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட ஒரு திட்டத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் செய்த முதல் வேலை கோடு கீறுவதன்று. குடியேறப் போகின்ற குடும்பங்களுக்கு ஒரு வினாப்பத்திரம் அனுப்பினார். அவர்களை நேரிலும் கண்டு பேசினார். அவர்கள் எப்படி வாழ்பவர்கள், அவர்களின் தேவை யாது, கையிலே உள்ள பணம் எவ்வளவு என்று அறிந்த பின்னரே படங்களை வகுத்தார். இருநூறு குடும்பங்களிடம் ஒருவர் கேட்டறிந்ததை, நம் வீட்டிலே உள்ள ஐந்து பேரிடம் நாம் கேட்கத் தயங்குகின்றோம்.

நண்பரிடம் ஒரு வினாப்பத்திரத்தை நானே வாய்மொழியாக நடத்தினேன். காலையில் முதலில் எழுபவர் யார், எங்கே போவார்? இரவில் எழுபவர் யார்? மழை நாளிலே துணி எங்கே காயும்? மரக்கறி நறுக்குவது நின்றோ, இருந்தோ? விருந்தினர் வந்தால் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை முறை? மேலே உள்ள மூன்று அறைகளிலும் ஆட்கள் படுக்கும் இரவுகள் இரண்டு ஆண்டுகளிலே எத்தனை? கடைசிக் கேள்விக்கு அவர் விரல் விட்டு எண்ணி, "இருபது நாள் வரை" என்றார். அம்மா பகலில் எங்கே இருப்பார் என்று கேட்டேன். "விறாந்தையிலேதான். படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்றார். படத்திலே விறாந்தை இல்லை. அதன் இடத்தை மோட்டார்க் கொட்டகை எடுத்துக்கொண்டது.

இனி அளவுக்கு வருவோம். இதிலே என் சொந்தப் பிழையை முதலில் ஒப்புக்கொள்கின்றேன். ஊராருக்கெல்லாம் படம் கீறிய நான், என் வீட்டின் சாப்பாட்டு அறையை எட்டடி அகலத்தில் வைத்தேன். ஆறு பேர் இருந்து உண்ணும் மேசை ஐந்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்டது. எட்டிலே மூன்று போக ஐந்து. பக்கத்துக்கு இரண்டரை அடி. கதிரையை இழுத்து ஒருவர் இருந்தால் இரண்டடி போய்விடும். எஞ்சுவது அரையடி. அரையடியிலே பூனை போகும். சோற்றுச் சட்டியோடு என் மனைவி போகமாட்டார். முப்பது ஆண்டுகளாக அவர் உள்ளே வரும்போதெல்லாம் ஒருவர் எழுந்து வழிவிட்டு வருகின்றோம். அவ்வறைக்கு இன்னும் இரண்டடி கொடுத்திருந்தால் இந்த மரியாதைக்கு அவசியம் நேர்ந்திராது.

ஆகவே, அறையை அளக்கு முன்னர் அறைக்குள் வரும் பொருளை அளத்தல் வேண்டும். பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று போதும். ஒரு கட்டத்தை ஓர் அடியாகக் கொண்டு, வீட்டிலே உள்ள கட்டில், அலுமாரி, மேசை ஆகியவற்றை அளந்து, அவ்வளவிலே தாளை வெட்டி, அறையின் கோட்டுக்குள் வைத்து நகர்த்திப் பாருங்கள். இருவர் படுக்கும் கட்டில் ஐந்தடி அகலமும் ஆறரை அடி நீளமும் என்று கொள்வோம். பத்தடி அகலமான அறையிலே அதன் இருபுறமும் இரண்டரை அடி கிடைக்கும். நீளம் பதினோரடியானால், கட்டிலின் காற்பக்கத்திலே நாலரை அடி மிஞ்சும். இரண்டடி ஆழமுள்ள அலுமாரியை அங்கே நிறுத்தினாலும், கதவைத் திறந்து நிற்க இரண்டரை அடி உண்டு. ஆகப் பத்துக்குப் பதினொன்று நல்ல அளவு. பத்துக்குப் பத்தோ, அந்தக் கடைசி ஓரடி இல்லாமையால் இடிபடும்.

மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் இதனைக் கேட்டு மகிழலாம். பத்தும் பதினொன்றும் பதினாறும் நல்ல அளவுகள் என்றும், ஒன்பதும் பன்னிரண்டும் ஆகாதவை என்றும் அவர்கள் கொள்வர். நான் அவர்களோடு வழக்காடுவதில்லை. அவர்களின் நல்ல எண்களுக்குள்ளேயே நல்ல அறைகளை வகுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படத்திலே பத்தடி என்று எழுதியிருப்பது சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்ததா, உள்ளளவா? எட்டங்குலச் சுவராயின், நடு அளவு பத்தடி என்பது உள்ளே ஒன்பதடி நான்கங்குலந்தான். இருபுறமும் அரையங்குலம் சீமெந்து பூசினால் ஒன்பதடி மூன்றங்குலம். பத்தடி என்று நம்பியவர் ஒன்பதடியிலே படுக்கின்றார். அது சாஸ்திரத்துக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது. மேசனாரோடு பேசும் முதல் நாளிலேயே, "எழுதியிருப்பவை யாவும் பூச்சு முடிந்த உள்ளளவு" என்று சொல்லிவிடுதல் நன்று.

மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பதினாறுக்கு இருபது என்றால் முந்நூற்றிருபது சதுர அடி. கலியாணங்கள் இப்பொழுது கலியாண மண்டபங்களிலே நடைபெறுகின்றன. நண்பரின் மண்டபத்திலே நான்கடியைக் குறைத்துப் பதினாறுக்குப் பதினாறாக்கி, அதன் முன்னே எட்டடி ஆழமான விறாந்தை ஒன்றைச் சேர்த்தோம். கூட்டம் வந்தால் நடுக்கதவைத் திறந்துவிட இரண்டும் ஒன்றாகும்.

அடுக்களையைப் பற்றியோ நிறையச் சொல்ல இருக்கின்றது. வீட்டிலே அதிக நேரம் ஆள் நிற்கும் அறை அதுவே; படத்திலே கடைசியாக, மிஞ்சிய மூலையிலே இடம் பெறுவதும் அதுவே. யாழ்ப்பாணத்திலே வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரி காலத்திலே வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அதாவது, நம் காற்று தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் இடையே ஒரே கோட்டிலேதான் போய் வருகின்றது. அடுக்களையைத் தென்மேற்கு மூலையில் வைத்தால், சோளகம் வீசும் மாதங்களெல்லாம் மிளகாய் வறுக்கும் நெடி வீடு முழுவதையும் கடந்துதான் வெளியேறும். தென்கிழக்கு மூலையும் வடமேற்கு மூலையும் அந்தக் கோட்டுக்கு அப்பாற்பட்டவை. அங்கே எழும் புகையை எந்தக் காற்றும் வீட்டின் ஓரமாகவே கொண்டு செல்லும். நம் முன்னோர் அக்கினி மூலை என்றும், அது வாய்க்காதாயின் வாயு மூலை என்றும் வகுத்ததற்கு வேறு காரணங்களும் சொல்லப்படலாம். இந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

நண்பருடைய வளவிலே தெரு கிழக்கே இருக்கின்றது. தென்கிழக்கு மூலை வீட்டின் முகப்பாகிவிடும். ஆகவே வடமேற்கைத் தெரிந்தோம். அங்கே பிற்பகல் வெயில் சுடும் என்பது உண்மை. அதற்காக மேற்குச் சுவருக்கு வெளியே ஆறடி அகலத்தில் ஒரு பத்தி இறக்கி, விறகும் உரலும் அம்மியும் வைக்கவும், ஒரு விறகடுப்பு மூட்டவும் இடம் செய்தோம். "வாயு அடுப்பு இருக்க விறகடுப்பு ஏன்?" என்று நண்பரின் மனைவி கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டிலே வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுள் அவரும் ஒருவர். அடுக்களையைப் பத்துக்குப் பதினொன்றாக்கினோம். இருபுறமும் இரண்டடி ஆழமான மேடைகள், நடுவே ஆறடி. மேடையின் உயரத்தைப் படத்திலிருந்து எடுக்காமல், அவரை நிற்கச் செய்து, மடக்கிய முழங்கையிலிருந்து சாணளவுக்குச் சற்றுக் குறைய இறக்கிக் குறித்தோம். குனிந்து குனிந்து முதுகு நோகப்போகின்றவர் அவரேயன்றிப் படம் கீறியவர் அல்லர்.

வெயிலைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலே சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணி இறுதியை அண்டியும் நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகின்றது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சற்றுச் சாயும்; மார்கழியில் தெற்கே நன்றாகச் சாயும். எவ்வாறாயினும் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நீண்ட தாழ்வாரம் காப்பாற்றும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலைத் தாழ்வாரத்தால் மறைக்க முடியாது. எனவே நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்த்தல் நலம். நண்பருடைய இரண்டு பரப்புக் காணி தெருவோரமாக ஐம்பத்தைந்து அடியும் உள்ளே தொண்ணூற்றொன்பது அடியும் கொண்டது. ஆகையால் இது தானாகவே பொருந்தியது. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவர்களில் யன்னல் வைத்தோம். ஒரே சுவரில் இரண்டு யன்னல் வைத்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பழைய நாற்சார் வீடுகளிலே நடு முற்றம் இந்த வேலையைச் செய்தது. சூடான காற்று அதன் வழியே மேலெழ, சுற்றியுள்ள அறைகளினூடே குளிர்ந்த காற்று உள்வந்தது. இரண்டு பரப்பிலே நாற்சார் வீடு கட்டுதல் கடினம். எனினும், 1960களின் தொடக்கத்திலே ஜெஃப்ரி பாவா கொழும்பிலே ஈனா டி சில்வாவுக்காக அமைத்த வீடு, நகரத்துக் காணியிலும் முற்றத்தைச் சுற்றி வாழலாம் என்று காட்டியது. நாங்களும் மண்டபத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையிலே எட்டடிக்குப் பத்தடியாக ஒரு சிறு திறந்தவெளி விட்டோம். நண்பருக்கு இதில் முழு மனமில்லை. "நல்ல இடம் வீணாகின்றதே" என்றார். நான் விடவில்லை.

படத்தின் ஓர் ஓரத்திலே சிறிய வட்டமொன்று கீறப்பட்டிருந்தது. அது மலக்குழி. அங்கிருந்து கிணற்றுக்கு இருபத்தைந்து அடிகூட இல்லை. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல் என்பதும், அதன் வெடிப்புகளூடே தண்ணீர் விரைந்து ஓடும் என்பதும், நாம் குடிப்பது அந்தத் தண்ணீரையே என்பதும் யாவரும் அறிந்தவை. ஐம்பதடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி. சுண்ணக்கல் நிலத்திலே அதற்கு மேலும் எவ்வளவு கூடுமோ அவ்வளவு நன்று. அயலவர் கிணற்றிலிருந்தும் அளத்தல் வேண்டும். வேலி தண்ணீரைத் தடுக்காது. நண்பரின் கிணறு பின்னே வடமேற்கில் இருக்கின்றது. அடுக்களைக்கு அது நல்ல துணை. ஆகவே குழியைத் தென்கிழக்குக்குக் கொண்டுவந்து, குளியலறைகளை வீட்டின் தெற்குப் பக்கத்திலே முன்புறமாக அமைத்தோம். உண்மையிலே, வீட்டின் முதற் கோட்டைக் கீறு முன்னரே கிணற்றையும் குழியையும் குறித்திருக்க வேண்டும். பிரதேச சபையின் விதிகளையும் அப்பொழுதே கேட்டறிதல் நல்லது.

குளியலறை தெற்கே முன்புறம் வந்ததும், அதை அடுத்த அறை தாயாருடையது என்று தானாகவே முடிவாயிற்று. விறாந்தைக்குப் பக்கத்திலே பதினோரடிச் சதுரம். அதிலே ஒருவர் படுக்கும் கட்டிலை மூன்று பக்கமும் ஆள் நிற்கக்கூடியதாகப் போட்டோம். இன்று அவர் தாமே எழுகின்றார், நாளை மற்றொருவர் பிடித்து எழுப்ப நேரலாம். கதவு மூன்றடி அகலம், நிலைப்படி இல்லை. நடுவே ஐந்தடி வெளி. சக்கர நாற்காலி ஒன்று திரும்ப அவ்வளவு வேண்டும். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுக்குப் பத்தடி, திருப்பமில்லாத வழி; விளக்கின் ஆளி தலைமாட்டிலே. குளியலறை ஐந்துக்கு எட்டு. அதன் கதவு வெளிப்புறமாகத் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

மேல்வீட்டை நண்பர் முற்றாகக் கைவிடவில்லை. அத்திவாரத்தையும் தூண்களையும் அதற்கேற்ற பலத்தோடு இட்டு, மாடிப்படிக்கு ஏழடிக்குப் பதினோரடி இடம் ஒதுக்கி, அதனை இப்போதைக்குச் சாமான் அறையாகப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தார். பிள்ளைகள் வரும் இருபது நாளைக்குக் கீழே உள்ள மூன்று அறைகளும் மண்டபமும் போதும் என்று அவர் மனைவிதான் முதலிற் சொன்னார்.

சென்ற மாதம் வளவைத் துப்புரவாக்கி, முளை அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்பால் அறைகளின் கோடுகளை நிலத்திலே இட்டார்கள். அத்திவாரம் வெட்டுமுன் ஒரு நாள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் நான் சொல்வதுண்டு. தாளிலே தெரியாதது காலுக்குத் தெரியும். நண்பரின் மனைவி வெறுங் குடமொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணற்றடியிலிருந்து அடுக்களைக்கும் அங்கிருந்து சாப்பாட்டு அறைக்கும் நடந்தார். ஒரு கதவை மூன்றடி தள்ளி வைக்கச் சொன்னார்; தள்ளி வைத்தோம். பிறகு தாயாரைக் கைபிடித்து அழைத்து வந்து, அவருடைய அறையின் கோட்டுக்குள், கட்டில் வரப்போகும் இடத்திலே ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார்கள். யன்னல் வரும் இடத்தை இரண்டு தடிகள் நட்டுக் காட்டினேன். அவர் சிறிது நேரம் அந்தத் தடிகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, படுத்துக்கொண்டு பார்த்தால் படலை தெரியுமோ?" என்று கேட்டார். நான் அவருக்கு அருகிலே, கட்டிலின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். வேலியோரத்து முருங்கை மரந்தான் தெரிந்தது. தடிகளைப் பிடுங்கி இரண்டடி வடக்கே நட்டு, யன்னலின் அடிவிளிம்பை ஓரடி தாழ்த்திக் குறித்தோம். மீண்டும் குனிந்து பார்த்தேன். படலை தெரிந்தது.